வவுச்சர் எங்கே? – டிஸ்டோபியா நாவல்களை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி

இருண்ட எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் நாவல்களை டிஸ்டோபியா என்பார்கள். அந்த வகையில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை முடித்த கையோடு யெவ்கேனி ஸம்யாத்தினின் ‘வீ’ நாவலை எடுத்தால், பாதி தாண்டுவதற்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். குறிப்பேடு எழுதும் நாயகன், அவனை விதிமீறலுக்கு இழுக்கும் துணிச்சலான பெண், இருவரும் ஒதுங்க ஒரு பழைய வீடு, எல்லோர் தலைக்கும் மேலே ஒரு தலைவர், கடைசியில் நாயகனின் மனதையே பழுதுபார்த்து அனுப்பும் அரசு. இதெல்லாம் எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே!

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் தங்கை மகள் நேராகவே கேட்டாள்: “மாமா, ஆர்வெல் காப்பி அடிச்சிட்டாராமே?”

நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன். இலக்கியத்தில் பட்டம் எதுவும் இல்லை. பற்று எழுதியிருந்தால் அதற்கான வவுச்சரைக் கேட்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த முறை. நாவல்களையும் அப்படித்தான் ஒப்பிடுகிறேன். பேராசிரியர்கள் இதை இன்னும் நாசூக்காகச் செய்வார்கள். ஆனாலும் இந்த முறையில் வீண் சண்டைகள் பாதி குறையும்.

முதலில் தேதிகள். ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு நாவலுக்கும் மூன்று நெடுக்குப் பத்தி போடுங்கள்: எழுதிய ஆண்டு, அச்சில் வந்த ஆண்டு, அடுத்த எழுத்தாளருக்குத் தெரிந்த மொழியில் கிடைத்த ஆண்டு. மூன்றாவது பத்தியைப் பெரும்பாலோர் போடுவதில்லை. உண்மையில் அதுதான் வேலை செய்கிற பத்தி.

‘வீ’யையே எடுத்துக்கொள்வோம். ஸம்யாத்தின் கப்பல் பொறியாளர். 1916–17இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்ட பனியுடைப்புக் கப்பல்களை மேற்பார்வையிட்டவர். நாவலை எழுதியது 1920–21இல். சோவியத் தணிக்கை அதை அச்சேற விடவில்லை. அதனால் ரஷ்ய நாவல் ஒன்று முதலில் புத்தகமானது நியூயார்க்கில், ஆங்கிலத்தில், 1924இல். 1927இல் பிராக் நகரத்துப் புலம்பெயர் இதழ் ஒன்று ரஷ்ய மொழியில் பகுதிகளை வெளியிட, சொந்த நாட்டில் அவருக்குத் தொல்லை தொடங்கியது. 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, கார்க்கியின் உதவியோடு நாட்டை விட்டு வெளியேறினார். 1937இல் பாரிஸில் இறந்தார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1929இல் வந்திருந்தது. ரஷ்ய மொழியில் முழுப் புத்தகமாக வந்தது 1952இல், அதுவும் நியூயார்க்கில். சோவியத் மண்ணில் வெளியாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஒரு வரிசையை எழுதிவிட்டாலே பல கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும். 1932இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு ‘வீ’ எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆங்கிலத்திலும் கிடைத்தது, அவருக்கு நன்றாகத் தெரிந்த பிரெஞ்சிலும் கிடைத்தது. ஆனால் எட்டும் தூரத்தில் இருந்தது என்பது எடுத்ததற்கு அத்தாட்சி ஆகாது. அதற்குத்தான் அடுத்த வேலை.

ஒருவர் இன்னொருவரைப் படித்தார் என்பதற்கு மூன்று வகைச் சான்று உண்டு. அவரே எழுதிவைத்தது, அடுத்தவர் சொன்னது, ஒற்றுமையை வைத்து நாம் ஊகிப்பது. இவற்றுக்கு ஒரே மதிப்பெண் போடக் கூடாது.

ஆர்வெல் விஷயத்தில் முதல் வகையே இருக்கிறது. கிளெப் ஸ்ட்ரூவெ எழுதிய சோவியத் இலக்கிய வரலாற்றின் வழியாக அவருக்கு ‘வீ’ பற்றித் தெரியவந்தது. 1944 பிப்ரவரியில் ஸ்ட்ரூவெக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், தனக்கு அந்த மாதிரிப் புத்தகத்தில் ஆர்வம் உண்டு, தானும் ஒன்றுக்காகக் குறிப்புகள் எடுத்துவருவதாகச் சொல்கிறார். பிறகு பிரெஞ்சுப் பதிப்பைப் படித்து, 1946 ஜனவரியில் ‘டிரிபியூன்’ இதழில் மதிப்புரை எழுதினார். ‘1984’ வெளியானது 1949 ஜூன் 8. ஆக, படித்தார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே கடிதம் இன்னொன்றையும் சொல்கிறது: ‘வீ’ கைக்கு வரும் முன்பே குறிப்புகள் தொடங்கிவிட்டன. ஆர்வெலின் கரு, கதை, முக்கியப் பாத்திரங்கள் எல்லாம் ஸம்யாத்தினிடமிருந்து வந்தவை என்று 1955இல் வரலாற்றாசிரியர் ஐசக் டாய்ச்சர் குற்றம்சாட்டியபோது இந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கவில்லை. ‘வீ’ இங்கிலாந்தில் வெளிவர வேண்டும் என்று பதிப்பாளரிடம் ஆர்வெலே பரிந்துரை செய்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களவாடியவர் அசலைக் கடை வாசலில் தொங்கவிடச் சொல்வாரா?

ஹக்ஸ்லி கணக்கு இன்னும் சுவாரசியம். அவருடைய நாவல் ஓரளவு ‘வீ’யிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதியவர் அதே மதிப்புரையில் ஆர்வெல்தான். ஹக்ஸ்லி மறுத்தார். தன் நாவல் எழுதி வெகுகாலம் கழித்தே ‘வீ’யைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு 1973இல் அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் ‘பிளேபாய்’ பேட்டியில் ஒரு போடு போட்டார்: தன் ‘பிளேயர் பியானோ’வின் (1952) கதையை ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டிலிருந்து சந்தோஷமாகச் சுட்டதாகவும், அந்தக் கதையும் ‘வீ’யிலிருந்து சந்தோஷமாகச் சுடப்பட்டதுதான் என்றும். இந்த வாக்கியம் எல்லா இடத்திலும் மேற்கோளாக வருகிறது. அதை இரண்டாக வெட்டிப் பாருங்கள். தன் கணக்கைப் பற்றி வானகட் சொன்னது வாக்குமூலம், ஏற்கலாம். ஹக்ஸ்லியின் கணக்கைப் பற்றிச் சொன்னது வெறும் கேள்விப்பட்ட பேச்சு.

ஹக்ஸ்லியின் மறுப்பை நான் நம்புவதற்கு ஒரு காரணம், அவருடைய பழைய நாவல் ‘குரோம் யெல்லோ’. அதில் ஸ்கோகன் என்கிற பாத்திரம் வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அரசு நடத்தும் கூடங்களில் வரிசை வரிசையாகப் போத்தல்களில் குழந்தைகள் வளரும், குடும்பம் என்பதே மறைந்துபோகும் என்கிறார். அது வெளியான ஆண்டு 1921. ‘வீ’ ஆங்கிலத்தில் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு. சந்தேகம் வந்தால் அந்த எழுத்தாளரின் முந்தைய புத்தகத்தைப் புரட்டுங்கள். கடன் வாங்கியதாக நினைத்தது பல நேரம் அவர் வீட்டுப் பரணிலேயே கிடக்கும்.

ஹக்ஸ்லி ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தபோது ஆர்வெல் அவரிடம் பிரெஞ்சு படித்தார் என்பது உண்மை. வாசகர் கூட்டங்களில் இதைச் சொன்னால் எல்லோரும் ‘அடடா’ என்பார்கள். நோட்டில் ஏற்ற இதற்கு எந்தத் தலைப்பும் இல்லை.

சரி, இருவரும் தனித்தனியாக எழுதியிருந்தால் ஒற்றுமை எப்படி வந்தது? இந்தக் கேள்வி வந்ததும் பக்கவாட்டில் பார்ப்பதை விட்டு மேலே பாருங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் எச். ஜி. வெல்ஸ். விஞ்ஞானம் சீர்படுத்திய ஒழுங்கான உலகங்களை அவர் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். ஹக்ஸ்லி அவருடைய ‘மென் லைக் காட்ஸ்’ (1923) நாவலைக் கிண்டல் செய்யத்தான் உட்கார்ந்தார், எழுத எழுத அது வேறாக வளர்ந்தது. ஸம்யாத்தின் பெத்ரோகிராதில் வெல்ஸின் ரஷ்ய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர், அவரைப் பற்றிக் கட்டுரையும் எழுதியவர். ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ (1909) கதையும் வெல்ஸின் சொர்க்கம் ஒன்றுக்கு எதிர்வினை என்று ஃபார்ஸ்டரே சொல்லியிருக்கிறார். ஒரே ஆளோடு மூன்று பேர் மல்லுக்கு நின்றால் மூவரின் அடவுகளும் ஒத்துப்போகத்தான் செய்யும். வேடிக்கை என்னவென்றால், இருண்ட எதிர்காலத்தையும் வெல்ஸே 1899இல் ‘வென் தி ஸ்லீப்பர் வேக்ஸ்’ நாவலில் எழுதிவைத்திருந்தார்.

இப்போது ஒப்பிடுவதற்கு வருவோம். முழு நாவலையும் முழு நாவலோடு ஒப்பிடாதீர்கள். பட்டியல்தான் நீளும், ஒன்றும் கிடைக்காது. ஒரு காட்சியை எடுங்கள். என் சிபாரிசு, ஆட்சியாளரும் மீறியவனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் காட்சி. முக்கியமான டிஸ்டோபியா நாவல்கள் பலவற்றில் அது இருக்கிறது, பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒரு பங்கில்.

இதன் மூலவர் தஸ்தயேவ்ஸ்கி. ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் (1880) இவான் சொல்லும் கதை: செவில் நகரத்துக்குத் திரும்பி வரும் கிறிஸ்துவை மதவிசாரணைத் தலைவர் சிறைபிடித்துப் பேசுகிறார். மனிதர்களால் சுதந்திரத்தைத் தாங்க முடியாது, அதை வாங்கிக்கொண்டு ரொட்டியும் நிம்மதியும் கொடுத்தோம், அன்பினால்தான் செய்தோம் என்பது அவர் வாதம். கிறிஸ்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. முத்தமிடுகிறார்.

இந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாவலிலும் அந்தக் காட்சிக்குப் போங்கள். ‘வீ’யில் உபகாரி எனப்படும் தலைவர் நாயகன் டி-503ஐ அழைத்துப் பேசுகிறார். கிறிஸ்து சிலுவையில் பட்ட துன்பத்தையே உதாரணம் காட்டி, மனிதன் பிறந்தது முதல் வேண்டியதெல்லாம் ‘இதுதான் இன்பம்’ என்று யாராவது சொல்லி அதோடு தன்னைச் சங்கிலியால் கட்டிவிட வேண்டும் என்பதுதான் என்கிறார். தஸ்தயேவ்ஸ்கி அப்படியே வந்திருக்கிறார். ஆனால் ஸம்யாத்தின் ஒரு குறும்பு செய்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் டி-503க்குத் தெரிவது வழுக்கைத் தலையில் வியர்வை துளிர்த்த ஒரு மனிதர். அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறான்.

ஹக்ஸ்லியிடம் அந்த நாற்காலியில் முஸ்தஃபா மாண்ட். இளமையில் நல்ல பௌதிக விஞ்ஞானி, தடைசெய்யப்பட்ட புத்தகங்களைத் தன் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவர். அவரும் இன்பத்தின் பக்கம்தான் வாதாடுகிறார், ஆனால் அதற்காகத் தான் இழந்ததைத் தெரிந்தே வாதாடுகிறார். எதிரில் இருக்கும் மீறியவன் ஜான் மௌனமாக இல்லை, துன்பப்படும் உரிமையைக் கேட்கிறான். வாங்கிக்கொள் என்பதுபோல மாண்ட் தோளைக் குலுக்குகிறார். நால்வரில் எனக்குப் பிடித்த வில்லன் இவர்தான், காரணம் அந்தத் தோள் குலுக்கல்.

அடுத்து ‘1984’. இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். கட்சி எதற்காக அதிகாரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கட்சியின் ஆளான ஓ’பிரையன் கேட்கிறான். கைதியாக இருக்கும் நாயகன் வின்ஸ்டனுக்குப் பதில் முன்கூட்டியே தெரியும்: மனிதர்கள் பலவீனர்கள், சுதந்திரத்தைத் தாங்க மாட்டார்கள், சுதந்திரமா இன்பமா என்றால் இன்பத்தைத்தான் எடுப்பார்கள், அதனால் அவர்கள் நன்மைக்காகக் கட்சி ஆள்கிறது. அதாவது செவில் நகரத்து வாதம், உபகாரியின் வாதம், மாண்டின் வாதம். அதைச் சொல்ல வாய் திறந்ததுமே ஓ’பிரையன் கருவியின் முள்ளை முப்பத்தைந்துக்குத் தள்ளி வலியூட்டுகிறான். முட்டாள்தனம் என்கிறான். கட்சி அதிகாரத்தை அதிகாரத்துக்காகவே வைத்திருக்கிறது, யாருடைய இன்பத்துக்காகவும் இல்லை.

முன்னோர் வாதத்தைக் கைதியின் வாயில் போட்டு, அதற்குத் தண்டனையும் கொடுக்கிறார் ஆர்வெல். ‘வீ’ மதிப்புரையில் அவர் பாராட்டியது எதை என்று பார்த்தால் இதன் வேர் தெரியும். ஹக்ஸ்லியிடம் இல்லாத ஒன்று ஸம்யாத்தினிடம் இருக்கிறது, அது சர்வாதிகாரத்தின் பகுத்தறிவுக்கு ஒவ்வாத பக்கம் என்றார்: நரபலி, கொடுமைக்காகவே கொடுமை, தலைவரை தெய்வமாக்குவது. ஆக ஆர்வெல் ‘வீ’யிலிருந்து எடுத்த முக்கியமான பொருள் பழைய வீடோ குறிப்பேடோ இல்லை. அந்த நாவலில் சடங்காக இருந்த கொடுமையை எடுத்து, அதன் வாதத்தைக் கழித்துவிட்டார். நான் இதைக் ‘கழிவு’ என்ற தலைப்பில் எழுதுகிறேன். யார் எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதை வேண்டாம் என்றார்கள் என்பதில்தான் தாக்கம் நன்றாகத் தெரிகிறது.

கதை அங்கே நிற்கவில்லை. 1949 அக்டோபரில் ஹக்ஸ்லி ஆர்வெலுக்குக் கடிதம் எழுதினார். புத்தகத்தைப் பாராட்டிவிட்டு, முகத்தில் பூட்ஸ் காலை வைத்து எத்தனை நாள் ஆள முடியும், தடியையும் சிறையையும்விடக் குழந்தைப் பருவத்திலேயே பழக்குவதும் மயக்க நிலையில் வசப்படுத்துவதும் ஆட்சியாளர்களுக்குச் சிக்கனமான வழி என்றார். பழைய மாணவருக்கு மறுபடி மாண்டின் வாதம்! ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலில் புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவர் பீட்டி, நாயகன் மாண்ட்டாகின் படுக்கையருகே வந்து உட்கார்ந்து பேசும் இடத்தையும் இதோடு படியுங்கள். அவரும் நிறையப் படித்தவர், அவரும் இன்பம் என்கிறார். ஒரு புதிய கணக்கும் சேர்க்கிறார்: தடை மேலிருந்து வரவில்லை, மக்களே முதலில் படிப்பதை நிறுத்தினார்கள்.

நாவல் மட்டுமே நாவலைப் பாதிக்கும் என்று நினைப்பது பெரிய பொறி. ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ விவகாரத்தைப் பாருங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புகள்’ (1864) பேசுபவன், இரண்டு இரண்டு நாலு என்பது ஒரு சுவர், ஐந்து என்பதும் சில நேரம் அழகுதான் என்கிறான். ‘வீ’யில் இரண்டு பெருக்கல் இரண்டைப் புகழ்ந்து ஒரு கவிதையே வருகிறது. அங்கே கணக்கு சிறை, பிழை விடுதலை. ‘1984’இல் தலைகீழ்: நாலு என்று சொல்வதுதான் சுதந்திரம், ஐந்து என்பது சித்திரவதை. ஸம்யாத்தினைத் திருப்பிப் போட்டார் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டில் முடிப்போம் என்பதற்கு 2+2=5 என்று சோவியத் யூனியனில் முழக்கம் வைத்தார்கள். அதைப் பதிவுசெய்த செய்தியாளர் யூஜின் லையன்ஸின் ‘அசைன்மென்ட் இன் யுடோபியா’ நூலுக்கு 1938இலேயே ஆர்வெல் மதிப்புரை எழுதிவிட்டார். வவுச்சர் செய்தியாளர் ஒருவரின் பெயரில் இருக்கிறது.

‘1984’இல் வரும் மூன்று வல்லரசுகளாகப் பிரிந்த உலகத்துக்கு ஜேம்ஸ் பர்னம் எழுதிய ‘தி மேனேஜீரியல் ரெவல்யூஷ’னைப் பாருங்கள். வாக்குமூலம் வாங்கும் முறைக்கு ஆர்தர் கோஸ்லரின் ‘டார்க்னஸ் அட் நூன்’. இரண்டைப் பற்றியும் ஆர்வெல் எழுதியிருக்கிறார். மோதிஹாரியில் பிறந்த இந்த மனிதர் 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கிழக்குப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிபரப்புகளைத் தயாரித்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நாவலில் வரும் உண்மை அமைச்சகத்தின் கேன்டீனும் குழுக் கூட்டச் சலிப்பும் எந்த நாவலிலிருந்தும் வந்தவை இல்லை. ஹக்ஸ்லி பக்கத்தில் ஹென்றி ஃபோர்டின் தன்வரலாறும் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேனின் ‘டெடலஸ்’ என்ற சிறு நூலும் இருக்கின்றன. கருப்பைக்கு வெளியே குழந்தை என்று அதில் எழுதிய ஹால்டேன்தான் பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் இறந்தவர். ஸம்யாத்தினுக்குத் தொழிற்சாலை நேரத்தை நொடிநொடியாக அளந்த டெய்லர் எப்படியோ, ஹக்ஸ்லிக்கு ஃபோர்டு அப்படி.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: எழுதிய வரிசையில் படிக்காதீர்கள். ‘1984’ ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதிலிருந்து பின்னோக்கி ‘வீ’, அப்புறம் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’. ‘வீ’க்கு ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. எதை வாங்கினாலும் ஒப்பிட்டு முடிக்கும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றினால் பக்க எண் குழப்பமே பெரிய வேலையாகிவிடும். ஃபார்ஸ்டர் கதை ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். முன்னுரைகளைக் கடைசியில் படியுங்கள், முடிவை முதல் பக்கத்திலேயே போட்டு உடைப்பதில் முன்னுரைக்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

பின்னிணைப்புகளை மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஜாக் லண்டனின் ‘தி அயர்ன் ஹீல்’ (1908), ஏவிஸ் என்ற பெண் ஒளித்துவைத்த கையெழுத்துப் பிரதி. பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு நல்ல காலத்து அறிஞர் அதற்கு அடிக்குறிப்பு எழுதுகிறார். பிரதி வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோகிறது. அறிஞர் இருக்கிறார் என்பதாலேயே கொடுங்கோலாட்சி ஒருநாள் முடிந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஆர்வெல் இதைப் படித்து 1940இல் எழுதியவர். புரட்சிக்காரர்களின் முகத்தின்மேல் நடப்போம் என்று லண்டனின் முதலாளி ஒருவர் சொல்வதை ஓ’பிரையனின் பூட்ஸ் காலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘1984’இன் கடைசியில் கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது, முழுக்க இறந்தகாலத்தில். அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் மறுத்தார். அந்த இறந்தகாலத்தைப் பிடித்துக்கொண்டவர் மார்கரெட் அட்வுட். ஆட்சி விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று எழுதியிருக்கிறார். 1984ஆம் ஆண்டு மேற்கு பெர்லினில் அவர் எழுதத் தொடங்கிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) நாவலும் 2195ஆம் ஆண்டுக் கருத்தரங்கில்தான் முடிகிறது. இங்கும் கழிவைத் தேடுங்கள். லண்டனின் அறிஞர் பரிவுள்ளவர், ஆர்வெலின் கட்டுரையாளருக்கு முகமே இல்லை. அந்தக் கருத்தரங்கில் பேசும் அட்வுட்டின் பேராசிரியரோ கதையைச் சொல்லும் பெண்ணின் ஒலிநாடாக்களை வைத்து ஜோக் அடிக்கிறார், அவளைவிட அவளை வைத்திருந்த கமாண்டர் யார் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

இந்த முறையைத் தனியாகச் சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு ஜோடி தருகிறேன். கேத்தரின் பர்டெகின் ஓர் ஆண் பெயரில் 1937இல் எழுதிய ‘ஸ்வஸ்திகா நைட்’. வெளியிட்டவர் விக்டர் கொலான்ஸ், அதே ஆண்டு ஆர்வெலின் புத்தகத்தையும் வெளியிட்டவர். உண்மை வரலாற்றைச் சொல்லும் ஒரே ஒரு ரகசியப் புத்தகமும், ஆட்சியின் கட்டுக்கதையை உடைக்கும் ஒரு பழைய புகைப்படமும் அதில் வருகின்றன. ‘1984’இலும் இரண்டும் உண்டு. ஆர்வெல் அதைப் படித்ததற்கு நேரடிச் சான்று கிடையாது. மூன்று பத்தியையும் போட்டு, மேலே பொதுவான முன்னோர் யார் என்று தேடி, பிறகு அந்தப் புகைப்படக் காட்சிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முடிவைப் பென்சிலில் எழுதுங்கள்.